ஒரானியன்பர்க்: ஆறு நாள் தாமதம், எண்பது ஆண்டுக் காத்திருப்பு

1945 மார்ச் 15 அன்று, பெர்லினுக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் ஹாஃபல் ஆற்றங்கரையிலுள்ள ஒரானியன்பர்க் என்னும் சிறுநகரின் மீது, அமெரிக்க எட்டாவது விமானப்படையின் 612 பி-17 விமானங்கள் 1,506 டன் வெடிகுண்டுகளையும் 178 டன் தீக்குண்டுகளையும் வீசின. ஐந்து வாரங்களுக்குப் பிறகு கிழக்கிலிருந்து வந்த சோவியத் படைகள் நகரை அடைந்தன. மே மாதத்தில் ஐரோப்பாவில் போரும் முடிந்தது. ஆனால் அந்தத் தாக்குதலிலும் அதையொட்டிய பிற தாக்குதல்களிலும் விழுந்து, வெடிக்காமல் மண்ணுக்குள் புதைந்த குண்டுகளை எடுக்கும் வேலை இன்றுவரை முடியவில்லை. ஜெர்மனி ஒன்றிணைந்த 1990-க்குப் பிறகு மட்டும் 200-க்கும் மேற்பட்ட பெரிய குண்டுகள் இந்நகரில் கண்டுபிடிக்கப்பட்டுச் செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கின்றன அல்லது இருந்த இடத்திலேயே வெடிக்கவைக்கப்பட்டிருக்கின்றன. இன்னும் சில நூறு குண்டுகள் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் அடியில் கிடக்கின்றன என்பது வல்லுநர்களின் மதிப்பீடு.

போர்க்காலக் குண்டுகள் ஜெர்மனியின் எல்லாப் பெருநகரங்களிலும் கிடைக்கின்றன. பிரிட்டனும் அமெரிக்காவும் 1940-க்கும் 1945-க்கும் இடையில் ஐரோப்பாவின் மீது வீசிய சுமார் 27 லட்சம் டன் குண்டுகளில் ஏறத்தாழப் பாதி ஜெர்மனியில் விழுந்தது. அவற்றில் பத்தில் ஒன்று வரை வெடிக்காமல் போயிருக்கலாம் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அப்படியிருக்க, ஹாம்பர்கையோ கொலோனையோ விட்டுவிட்டு மக்கள்தொகையில் அரை லட்சத்தையும் எட்டாத ஒரானியன்பர்கை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெடிக்காத குண்டு என்றால் பழுதாகி அடங்கிப்போன குண்டு என்றும், காலம் செல்லச்செல்ல அது மேலும் அடங்கும் என்றும் நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இந்நகரைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. இங்கே புதைந்திருக்கும் குண்டுகளில் பல, பழுதானவை என்பதைவிட, தாமதமாக வெடிக்கும்படி செய்யப்பட்டு அந்தத் தாமதம் இன்னும் முடியாதவை என்பதே பொருத்தம்.

ஏன் இந்தச் சிறுநகர்?

ஒரானியன்பர்கில் இராணுவ முக்கியத்துவமுள்ள இடங்கள் பல இருந்தன. ஹைன்கல் விமானத் தொழிற்சாலை, ரயில் தளம், சாக்சன்ஹவுசன் வதைமுகாமின் கைதிகளைக் கொண்டு நாஜி எஸ்எஸ் படை நடத்திய செங்கல் ஆலை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆயினும் மார்ச் 15 தாக்குதலின் இலக்கு, தோரியமும் யுரேனியமும் பதப்படுத்தப்பட்ட ஆவர் நிறுவனத்தின் ஆலை. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் தலைவரான ஜெனரல் லெஸ்லி க்ரோவ்ஸ் இந்தத் தாக்குதலைக் கேட்டுப் பெற்றார். அந்தப் பகுதி சோவியத் ஆக்கிரமிப்பு மண்டலத்திற்குள் விழப்போவது அப்போது உறுதியாகிவிட்டதால், ஆலை உருப்படியாக சோவியத் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே நோக்கம். உண்மையான நோக்கம் வெளியே தெரியாமலிருக்க, அதே நாளில் பெர்லினுக்குத் தெற்கேயுள்ள சோசனில் இருந்த ஜெர்மன் தரைப்படைத் தலைமையகமும் தாக்கப்பட்டது.

நோக்கமும் முழுதாக நிறைவேறவில்லை என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. ஆவர் நிறுவனத்தின் யுரேனியப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த விஞ்ஞானி நிகோலாஸ் ரீல், போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே யுரேனிய உற்பத்தியை நிலைநிறுத்தியதற்காக அந்நாட்டின் உயர்ந்த விருதுகளையும் பெற்றார். ஆலையிலிருந்து பரவிய கதிரியக்க மாசும் வெடிக்காத குண்டுகளும் நகருக்கு மிஞ்சின.

தாமத ஃபியூஸ்

ஆலையைத் தரைமட்டமாக்குவதோடு நில்லாமல், பழுதுபார்க்கவும் பொருள்களை அப்புறப்படுத்தவும் யாரும் உள்ளே போக முடியாதபடி செய்வதும் திட்டத்தின் பகுதியாக இருந்தது. அதனால் அன்று வீசப்பட்டவற்றில் பெரும் எண்ணிக்கையிலான குண்டுகளுக்கு, விழுந்தவுடன் வெடிக்கச்செய்யும் ஃபியூஸுக்கு, அதாவது குண்டை வெடிக்கத் தூண்டும் அமைப்புக்கு, பதிலாக வேதியியல் தாமத ஃபியூஸ் பொருத்தப்பட்டிருந்தது. சில மணி நேரத்திலிருந்து அதிகபட்சம் 144 மணி நேரம், அதாவது ஆறு நாட்கள் வரை, தாமதித்து வெடிக்கும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. எந்தக் குண்டு எப்போது வெடிக்கும் என்று தெரியாத நிலையில் மீட்புப் பணியாளர்களும் தொழிலாளர்களும் இடிபாடுகளை நெருங்க அஞ்சுவார்கள் என்பது கணக்கு.

அதன் அமைப்பு எளிமையானது. குண்டின் வால் பகுதியில் ஒரு சிறு காற்றாடி இருக்கும். குண்டு விழும்போது காற்றின் விசையால் அது சுழன்று ஒரு திருகாணியை உள்நோக்கிச் செலுத்த, திருகாணி அசிட்டோன் என்னும் கரைப்பான் திரவம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பியை நசுக்கி உடைக்கும். குப்பிக்கு அப்பால் செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்காலான மெல்லிய வில்லைகள் இருக்கும். அழுத்தப்பட்ட சுருள்வில்லோடு கூடிய ஊசியை முன்னால் பாயவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை அந்த வில்லைகள்தாம். கசியும் அசிட்டோன் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். வில்லைகளின் தடிமனையும் அசிட்டோனின் செறிவையும் பொறுத்து எத்தனை மணி நேரம் என்பது அமையும். வில்லை இனித் தாங்காது என்ற கணத்தில் ஊசி பாய்ந்து முதல் வெடிப்பை உண்டாக்கும் டெட்டனேட்டரைத் தாக்கும், குண்டு வெடிக்கும். இடையில் யாராவது ஃபியூஸைத் திருகி எடுக்க முயன்றால் அப்போதே வெடிக்கும்படி, கழற்றுவதைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்றும் அதனுள் வைக்கப்பட்டிருந்தது.

மின்கலமோ கடிகாரமோ இல்லாத இந்த ஃபியூஸ் ஒன்றே ஒன்றை நம்பியிருந்தது: அசிட்டோன் கீழ்நோக்கி வழிய வேண்டும். குண்டு மூக்கு கீழாகவும் வால் மேலாகவும் மண்ணில் நின்றால், குப்பி மேலேயும் வில்லைகள் கீழேயும் இருக்கும். திரவம் வில்லைகளின் மீது இறங்கும். ஒரானியன்பர்கின் மண் இந்த நிபந்தனையைக் குலைத்துவிட்டது. நகரின் மேல்மண் இளகிய மணல். அதன் அடியில் கடினமான சரளைப் படிவு. வேகமாக விழுந்த குண்டுகள் மணலை எளிதாகத் துளைத்துக்கொண்டு போய், சரளையில் மோதித் திசைமாறி, மூக்கு மேல்நோக்கிய நிலையில் நின்றுவிட்டன. அப்படி நின்ற குண்டுகளில் அசிட்டோன் வில்லைகளை விட்டு விலகி வாலின் பக்கமாக வழிந்தது. வில்லைகளைத் தொட்டது பெரும்பாலும் அதன் ஆவி மட்டுமே. அவை மென்மையாகின, பாதி கரைந்தன, ஆனால் முற்றிலும் உடையவில்லை. நாணேற்றிய வில்லில் பூட்டிய அம்பு போல ஊசி அங்கேயே நிற்கிறது.

எண்பது ஆண்டுகளில் அந்த வில்லைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி. செல்லுலாய்டு காலப்போக்கில் நெகிழ்வை இழந்து நொறுங்கும் தன்மையடையும். பழைய திரைப்படச் சுருள்களையும் பொம்மைகளையும் பாதுகாக்கும் அருங்காட்சியகத்தார் நன்கறிந்த செய்தி இது. ஃபியூஸுக்குள் இருப்பதோ ஏற்கெனவே அசிட்டோனால் பாதி அரிக்கப்பட்ட செல்லுலாய்டு. அருகில் ஓடும் கனரக வாகனத்தின் அதிர்வோ, நிலத்தடி நீர்மட்டத்தில் ஏற்படும் மாற்றமோ, சில வேளைகளில் எந்த வெளிக் காரணமும் இல்லாமலோ அதில் விரிசல் விழுந்துவிடலாம். ஊசிக்குத் தேவையானது அவ்வளவுதான். ஆகவே இந்த வகைக் குண்டுகளைப் பொறுத்தவரை, இத்தனை காலம் வெடிக்காதது இனியும் வெடிக்காது என்ற ஆறுதலுக்கு இடமில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆபத்து சிறிது கூடுகிறது என்றே கொள்ள வேண்டும்.

குண்டின் உள்ளேயிருக்கும் வெடிமருந்தாவது பழுதாகியிருக்காதா என்று கேட்கலாம். டிஎன்டி போன்ற வெடிமருந்துகள் உறையின் இரும்பு துருப்பிடித்த பிறகும் பல பத்தாண்டுகள் தம் ஆற்றலை இழப்பதில்லை. போர்க்கால மிச்சங்களிலிருந்து எடுக்கப்பட்ட அமட்டால் என்னும் வெடிமருந்தைச் சோதித்து நார்வே ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவுகள், அது தாக்கத்திற்கு எதிர்பார்த்ததைவிட எளிதில் வினைபுரிவதாகக் காட்டின.

ஜெர்மானியர் வெடிக்காத குண்டைப் ‘பிளிண்ட்கேங்கர்’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘குருடாக நடப்பது’ என்று வரும். ஒரானியன்பர்கின் குண்டுகளுக்கு இந்தப் பெயர் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

மறைந்திருந்த நாற்பத்தைந்து ஆண்டுகள்

1945-க்குப் பின் ஒரானியன்பர்க் சோவியத் மண்டலத்திலும், 1949 முதல் கிழக்கு ஜெர்மனியிலும் இருந்தது. வெளியே தெரிந்த குண்டுகள் எடுக்கப்பட்டன, குழிகள் மூடப்பட்டன, வீடுகள் எழுந்தன. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை முறையாகத் தேடிப் பார்க்க அப்போதைய ஆட்சியிடம் இன்றியமையாத ஒரு கருவி இல்லை: தாக்குதலுக்குப் பிறகு நேசநாட்டு விமானங்கள் சேதத்தை மதிப்பிட எடுத்த வான்வழிப் புகைப்படங்கள். அவை பனிப்போரின் மறுபக்கத்தில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் காப்பகங்களில் இருந்தன. மேற்கு ஜெர்மனிக்குக்கூட பிரிட்டனிலிருந்து அப்படங்கள் 1980-களின் நடுவில்தான் கிடைக்கத் தொடங்கின. இதற்கிடையே ஒரானியன்பர்கில் சில குண்டுகள் யாரும் தொடாமலே வெடித்தன. ஒரு நகரின் குடிமக்களுக்கு அவர்கள் காலடியில் இருப்பதைக் காட்டக்கூடிய படங்கள், அந்தக் குண்டுகளை வீசியவர்களின் அலமாரியில் அவ்வளவு காலம் இருந்தன என்பது கசப்பான செய்தி.

அந்தப் படங்களைப் படிப்பது தனித்திறன். வெடித்த குண்டு பெரிய பள்ளத்தை விட்டுச்செல்லும். வெடிக்காத குண்டு நுழைந்த இடத்திலோ ஒரு சிறு துளை மட்டுமே இருக்கும். மேலிருந்து எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தில் அது ஒரு புள்ளி. இடிபாட்டின் நிழலிலோ மரத்தின் அடியிலோ நீர்நிலையிலோ விழுந்திருந்தால் அந்தப் புள்ளியும் தெரியாது. பக்கத்துப் பள்ளத்திலிருந்து எறியப்பட்ட மண் அதை மூடியிருக்கவும் கூடும். ஆகவே படங்கள் எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லும். எங்கே தேட வேண்டியதில்லை என்று உறுதியளிக்க மாட்டா.

2008-இல், காட்புஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வுல்ஃப்காங் ஸ்பைரா தலைமையில் ஒரானியன்பர்க் குறித்து ஓர் ஆய்வறிக்கை தயாரிக்கப்பட்டது. மண்ணமைப்பு, ஃபியூஸின் வகை, புகைப்படச் சான்றுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இங்குள்ள ஆபத்து ஜெர்மனியின் பிற நகரங்களில் உள்ளதோடு ஒப்பிட முடியாதது என்பதை நிறுவியது அந்த அறிக்கை. அதற்கு முன்பு வரை வீட்டுக்கு அடித்தளம் போடும்போதோ குழாய் பதிக்கும்போதோ குண்டு தட்டுப்பட்டால் எடுப்பது என்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. அறிக்கைக்குப் பின் சந்தேகத்துக்குரிய இடங்களைத் தேடிச் செல்லும் முறை வலுப்பெற்றது.

தேடும் முறையும் அதன் எல்லையும்

குண்டுகள் பல மீட்டர் ஆழத்தில் கிடப்பதால் தரைமட்டத்தில் கருவியை ஓட்டித் தேடுவது போதாது. சந்தேகமுள்ள நிலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளைகள் போடப்படுகின்றன. அவற்றுக்குள் பிளாஸ்டிக் குழாய் செருகி, காந்தமானியை இறக்கி, இரும்பின் இருப்பால் காந்தப்புலம் எங்கே விலகுகிறது என்று அளக்கப்படுகிறது. போரில் நொறுங்கிய நகரின் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. உடைந்த குழாய், கட்டடக் கம்பி, குண்டுச் சிதறல் எல்லாம் கருவிக்குக் குரல் கொடுக்கும். எனவே தோண்டிப் பார்த்தால் பெரும்பாலான சந்தேகங்கள் வெறும் பழைய இரும்பாகவே முடிகின்றன. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், தோண்டும் குழியைச் சுற்றித் தடுப்பு அமைத்து நீரை இறைத்து வற்றவைத்த பிறகே கடைசி ஆழத்திற்குப் போக முடியும். ஒரு குண்டை எட்ட வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகின்றன.

குண்டு எந்த நிலையில் கிடக்கிறது, ஃபியூஸ் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பது கண்ணால் பார்க்கும்வரை தெரியாது. தாமத ஃபியூஸை வழக்கம்போலத் திருகி எடுக்க முடியாத இடங்களில், மணல் கலந்த உயரழுத்த நீர்த்தாரையால் குண்டின் உறையை வெட்டித் தொலைவிலிருந்து கழற்றும் முறை கையாளப்படுகிறது. அதுவும் முடியாதென்றால் இருந்த இடத்திலேயே வெடிக்கவைப்பதே வழி. 2013 நவம்பரில் ஒரானியன்பர்கின் குடியிருப்புப் பகுதி ஒன்றில் அப்படித்தான் முடிவெடுக்கப்பட்டது. குண்டோடு சேர்ந்து அங்கிருந்த வீடும் அழிந்தது. மியூனிக்கின் ஷ்வாபிங் பகுதியில் 2012 ஆகஸ்டில் இதே வகை ஃபியூஸ் கொண்ட 250 கிலோ குண்டு ஒன்றை வெடிக்கவைத்தபோது, அதிர்வைத் தணிக்க மேலே அடுக்கியிருந்த வைக்கோல் தீப்பற்றிப் பறந்து சுற்றியிருந்த கூரைகளிலும் தீ பிடித்தது. வல்லுநர்கள் அறியாமல் செய்த பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நெருக்கமான நகரத்தின் நடுவில் கால் டன் குண்டை எப்படி வெடிக்கவைத்தாலும் ஏதோ ஒன்று பாதிக்கப்படும்.

இதைவிடக் கனமான பாடத்தைக் கோட்டிங்கன் நகரம் கற்றது. 2010 ஜூன் 1 அன்று, கட்டுமான இடம் ஒன்றில் ஏறத்தாழ ஏழு மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட 500 கிலோ குண்டைச் செயலிழக்கச் செய்ய ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. மக்களை வெளியேற்றும் வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. செயலிழக்கச் செய்யக் குறித்த நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் போல இருந்தது. அதற்குள் குண்டு வெடித்து, பல ஆண்டுகள் அனுபவமுள்ள பணியாளர்கள் மூவர் இறந்தனர். அதிலும் வேதியியல் தாமத ஃபியூஸ்தான் இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அதே பகுதியில் இன்னொரு குண்டு வெற்றிகரமாகச் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது.

யாரும் அருகில் இல்லாமலும் இவை வெடிக்கின்றன. 2019 ஜூன் 23 அதிகாலையில், லிம்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஆல்பாக் கிராமத்தில் வாற்கோதுமை வயல் ஒன்றின் நடுவே பெருஞ்சத்தத்துடன் நிலம் வெடித்து, பத்து மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் உண்டானது. பள்ளத்தைச் சோதித்தவர்கள், தாமத ஃபியூஸ் கொண்ட 250 கிலோ குண்டு தானாகவே வெடித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். பகலில் உழவர் அந்த வயலில் இயந்திரம் ஓட்டியிருப்பார். விடியற்காலையானதால் யாருக்கும் காயமில்லை.

யார் குண்டு, யார் செலவு

இங்கே சட்டம் ஒரு விசித்திரமான வேறுபாட்டைக் கடைப்பிடிக்கிறது. ஜெர்மனியில் வெடிபொருள் அகற்றும் பணி மாநிலங்களின் பொறுப்பு. போர்க்கால ஜெர்மன் அரசுக்குச் சொந்தமாக இருந்த வெடிபொருள்களை அகற்றும் செலவைக் கூட்டரசு, அதாவது இன்றைய மத்திய அரசு, ஏற்கும். நேசநாடுகள் வீசிய குண்டுகளை அகற்றும் செலவு, கூட்டரசு நிலங்கள் நீங்கலாக, மாநிலத்தின் தலையில் விழும். அதாவது மண்ணிலிருந்து வெளிவரும் இரும்பு எந்த நாட்டில் வார்க்கப்பட்டது என்பதைப் பொறுத்துப் பணம் கொடுப்பவர் மாறுவார். ஒரானியன்பர்கில் கிடைப்பவை பெரும்பாலும் நேசநாட்டுக் குண்டுகள்; நகரம் இருக்கும் பிராண்டன்பர்க்கோ வெடிபொருள் மாசு மிகுந்த, பணவளம் குறைந்த மாநிலங்களுள் ஒன்று. பல ஆண்டு வற்புறுத்தலுக்குப் பின் நேசநாட்டுக் குண்டுகளுக்கும் கூட்டரசு ஒரு பகுதி நிதியை ஒதுக்க முன்வந்தது. மாநில அரசும் ஒரானியன்பர்கை வெடிபொருள் அகற்றலுக்கான மாதிரிப் பகுதியாக அறிவித்து, தேடல், அனுமதி, வெளியேற்றம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது.

முறையாகத் தேடுவது பெருஞ்செலவு என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு, தேடாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. தற்செயலாகக் கிடைக்கும் ஒவ்வொரு குண்டும் கட்டுமானத்தை நிறுத்துகிறது, நகரை வெளியேற்றுகிறது. எடுக்கும் நேரத்தை நாமே தேர்ந்தெடுத்தால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லலாம், தடுப்புச் சுவர் கட்டலாம், நல்ல வானிலைக்குக் காத்திருக்கலாம். தோண்டும் இயந்திரத்தின் வாளி குண்டில் இடித்த பிறகு இவற்றில் எதற்கும் அவகாசமில்லை. 2014 ஜனவரியில் யூஸ்கிர்ஹன் நகரில் அப்படித்தான் இயந்திர ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். செல்லுலாய்டின் முதுமையும் தேடுபவர்களின் வேகமும் போட்டியிடும் இந்த நகரில், தள்ளிப்போடுவதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு செயலிழப்பு நாள்

குண்டு உறுதியானதும் அதைச் சுற்றி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் போடப்படும். அந்த வட்டத்துக்குள் பள்ளி வந்தால் விடுமுறை. மருத்துவமனையோ முதியோர் இல்லமோ வந்தால் படுக்கையோடு நோயாளிகளை வாகனங்களில் மாற்ற வேண்டும். ரயில் நிலையம் வந்தால் பெர்லினுக்குப் போகும் ரயில்கள் நிற்கும். காலையில் ஒலிபெருக்கி வண்டிகள் தெருத்தெருவாகச் செல்லும். ஊழியர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். வெளியேற மறுக்கும் ஒருவர் இருந்தாலும் வேலை தொடங்காது. நகரவாசிகள் பலருக்கு இது எத்தனையாவது முறை என்ற கணக்கே மறந்துவிட்டது. அடையாள அட்டை, மருந்து, மாற்றுடை கொண்ட பையை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்கோ நகராட்சி திறந்துவைக்கும் கூடத்துக்கோ போய்விடுகிறார்கள்.

வட்டம் காலியானது என்று உறுதியான பிறகு, இரண்டு மூன்று பேர் மட்டும் குழிக்குள் இறங்குகிறார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஃபியூஸ் உடலிலிருந்து பிரிக்கப்பட்டு, அருகே தோண்டிய சிறு பள்ளத்தில் தனியாக வெடிக்கவைக்கப்படுகிறது. வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது ஒரு சிறு ஓசையாகக் கேட்கும். பிறகு தடைகள் விலக்கப்படுகின்றன, ரயில்கள் ஓடத் தொடங்குகின்றன, ஃபியூஸ் நீக்கப்பட்ட குண்டு லாரியில் ஏற்றப்பட்டு அழிப்பு நிலையத்திற்குப் போகிறது. அடுத்த நாள் காலையில், வரைபடத்தில் குறிக்கப்பட்ட அடுத்த மனையில், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் துளை போடும் வேலை மீண்டும் தொடங்குகிறது.